வெயில் ஏறாத வெட்டுக்கிளிகள்

தட்டிவிடாதீர்கள் தம்பி. கொஞ்சம் அசையாமல் இருங்கள். உங்கள் சட்டைக் கையில், முழங்கைக்குக் கீழே. வெட்டுக்கிளிதான். கடிக்காது. தட்டினால் வாயிலிருந்து பழுப்பாக ஒன்றைக் கக்கும். வெள்ளைச் சட்டையில் அந்தக் கறை போகாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

அது என்னோடு வந்தது. காலையில் ஆறு மணிக்கு வேலை இடத்தில் பையைப் புல்லில் வைத்தேன். அப்போது வாரில் ஏறியிருக்கும். பஸ்ஸில் ஏறும்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும், குச்சி மாதிரி விறைத்துப்போய். இப்போது ஜன்னல் பக்கம் வெயில் வந்துவிட்டது. உடம்பு சூடாகி நடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குதிக்கும். அதுவரை இருக்கட்டும்.

மணி என்ன ஆகிறது? பத்து ஐந்தா. பதினோரு மணிக்கு எனக்கு ஒரு விசாரணை இருக்கிறது. டவுனில், தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும். நீங்கள் கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் கொஞ்சம் பேசிக்கொண்டு வரலாமா? நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

என் பெயர் உச்சிமாகாளி. மாகாளி என்று கூப்பிடுவார்கள். பொட்டலுக்கு நடுவில் ஒரு பழைய ரன்வே இருக்கிறதே, விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் வருவார்களே, அங்கே ஒப்பந்தக் கூலி. புல் வெட்டுவேன், பறவை விரட்டுவேன். ஒன்பது வருஷமாக அதுதான் வேலை. பறவை விரட்டுவதற்கு வெடி கொடுத்திருக்கிறார்கள். நான் வெடியைப் பற்ற வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். சூப்பர்வைசர் தர்மர் சார் அதைப் பார்த்து எல்லாரிடமும் சொல்லுவார்: "இவன் ஓடுதத பாக்கத்தாம்ல பருந்து நின்னு வேடிக்க பாக்கு." சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் பயந்தவன்தான், அதை மறைத்ததில்லை. சின்ன வயதிலிருந்தே மேலதிகாரி குரல் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. நான் பொய் சொன்னதில்லை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் நின்றால் எதையாவது பார்க்கத்தானே வேண்டும். நான் புல்லைப் பார்த்தேன். புல்லைப் பார்த்தால் இதைத்தான் பார்ப்பீர்கள். எங்கள் பக்கம் தத்துக்கிளி என்றும் சொல்லுவோம். கோடையில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எங்கும் போய்விடவில்லை, மண்ணுக்குள்ளே இருக்கிறது. பொட்டை ஒன்று வயிற்றின் நுனியை மண்ணில் ஊன்றி ஊன்றி உள்ளே இறக்கும். இந்தச் சின்ன உடம்பு எப்படி அவ்வளவு நீளும் என்று இருக்கும். உள்ளே முட்டையை வைத்து, நுரை மாதிரி ஒன்றை மேலே விடும். நுரை காய்ந்து மண்ணோடு மண்ணாகச் சின்னக் கூடு ஆகிவிடும். அம்மாவும் அப்பாவும் கோடைக்கு முன்பே செத்துப்போகும். முட்டைகள் மட்டும் அந்த வெயில் முழுக்க உள்ளே கிடக்கும்.

ஐப்பசியில் மழை விழுந்து புல் தளிர்த்ததும் வெளியே வரும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. அப்படியே பெரிய வெட்டுக்கிளி மாதிரிதான் இருக்கும், இறக்கை மட்டும் இராது. ஐந்தாறு தடவை தோலை உரிக்கும். ஒவ்வொரு தடவையும் புல் தாளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பழைய சட்டையைக் கழற்றும். கடைசி உரிப்பில் இறக்கை வரும். வந்த இறக்கை கசங்கிய துணி மாதிரி இருக்கும், காய்ந்து நிமிர வேண்டும். அதற்குள் மைனா பார்த்துவிட்டால் முடிந்தது. மார்கழிக்கு எல்லாம் பெரிசாகிவிடும். அப்போது மத்தியானம் ரன்வே ஓரம் நின்றால் சரசரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வாயால் அல்ல, பின்னங்காலை இறக்கையில் உரசும். ஆண்தான் உரசும். காது எங்கே இருக்கிறது தெரியுமா? வயிற்றுப் பக்கத்தில். சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜெனோவா மட்டும் குனிந்து பார்த்தாள்.

ஜெனோவா யார் என்று சொல்லவில்லையே. அவளைப் பற்றித்தான் விசாரணை.

கடற்கரை ஊர்ப் பிள்ளை. இருபத்தொரு வயது. அங்கே படிக்கிறவர்களில் என்னைப் பார்த்து நின்று பேசுகிறது அவள் ஒருத்திதான். இன்னும் பதினோரு மணி நேரம் தனியாகப் பறந்திருந்தால் லைசென்ஸ் கையில் வந்திருக்கும். இப்போது கை மாவுக்கட்டில் இருக்கிறது. விசாரணையில் அவள்மேல்தான் தப்பு என்று முடிவானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு எந்த இடத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்று சமையல்காரம்மா சொன்னாள்.

இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் ரன்வேக்கு நடுவில் ஒரு மேடு. அந்தக் காலத்தில் போட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள். டவரில் இருக்கிறவர்களுக்கு வானம் முழுக்கத் தெரியும், மேட்டுக்கு இந்தப் பக்கத் தரைதான் தெரியும். அந்தப் பக்கம், மேற்குப் பாதியில், புல்லை ஒட்டித் தாழப் பறக்கிற பறவை தெரியாது. அதனால்தான் மேட்டின் மேல் ஓர் ஆள் நிற்க வேண்டும், கையில் சிவப்புக் கொடியோடு. அந்த ஆள் நான். முதல் வாரமே ஜெனோவா வந்து என்னிடம் பேசி வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க கொடியத் தூக்குனா நான் நிப்பாட்டிருவேன். யார்ட்டயும் கேக்க மாட்டேன். கொடி இல்லன்னா போவேன்."

"தாயி, நான் சும்மா பயந்துபோய்த் தூக்கிட்டேன்னு வைங்க? பறவ போயிருந்துச்சுன்னா?"

"அப்ப திரும்பி வந்து மறுபடி ஓட்டுதேன். என்ன கொறஞ்சு போச்சு? நீங்க நல்லா பயப்படுங்க அண்ணாச்சி. அதான் எனக்கு வேணும்."

என் வாழ்க்கையில் ஒருத்தர் என்னைப் பயப்படச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த வருஷம் ஏழு தடவை கொடி தூக்கினேன். ஏழு தடவையும் அவள் நிறுத்தினாள். இரண்டு தடவை பறவையே இல்லை. காற்றில் பறந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்துத் தூக்கினேன். இறங்கி வந்து சிரித்தாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது புல் விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

மார்கழியில் புல்லைக் காலையில் வெட்டக் கூடாது. சாயங்காலம், கடைசி விமானம் இறங்கின பிறகுதான் வெட்ட வேண்டும். ஏன் என்றால், இந்த வெட்டுக்கிளிக்கு உடம்பில் சொந்தமாகச் சூடு கிடையாது. விடியக்காலம் பனியில் விறைத்துக் கிடக்கும். வெயில் வந்ததும் மெல்ல மெல்லத் தாளின் நுனிக்கு ஏறும். ஏறி, உடம்பை வெயிலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு அப்படியே இருக்கும், நாம் அடுப்புப் பக்கம் கையை நீட்டுகிற மாதிரி. ஒன்பது மணி வரைக்கும் அதால் குதிக்க முடியாது. கையால் எடுத்தால்கூட வரும். சாயங்காலம் என்றால் சூடாக இருக்கும். டிராக்டர் சத்தம் கேட்டதுமே இருபதடி முன்னாலே பறந்துபோய்விடும். வெட்டின புல்லில் தேடினாலும் ஒன்றிரண்டுகூடக் கிடைக்காது.

காலையில் வெட்டினால் எல்லாம் நுனியில் உட்கார்ந்திருக்கும். புல்வெட்டி அப்படியே அள்ளிவிடும். செத்தது பாதி, துடிக்கிறது பாதி, தரை முழுக்கக் கிடக்கும். முதலில் உண்ணிக்கொக்கு வரும். அப்புறம் மைனா, கரிச்சான், பனங்காடை. வெயில் ஏறினதும் பருந்து. பத்து இருபது பருந்து வட்டம் போட்டு இறங்கி, காலால் அள்ளிப் பறந்துகொண்டே தின்னும். அந்த இடத்தில் விமானம் எப்படி ஓட்டுவது?

இது எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. பழைய சூப்பர்வைசர் சாயங்காலம்தான் வெட்டச் சொல்லுவார், வெயில் தாழ்ந்திருக்கும் என்பதற்காக. தர்மர் சாருக்குக் காரணம் தெரியாது. நான் சொன்னேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாளே தர்மர் சார் கூப்பிட்டார். "மாகாளி, நாளைக்குப் பத்து மணிக்கு மேலிடத்துல இருந்து வாராங்க. மேக்க பூராவும் காடாக் கெடக்கு. காலையில ஏழு மணிக்கு வண்டிய எடுத்து வெட்டிரு." நான் சொன்னேன் என்றேனே, சொன்னது "சரிங்க சார்" என்று. மற்றதை மனதுக்குள் சொன்னேன். முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரிந்திருக்கும். நான் அப்படி நின்றேன்.

காலையில் ஆறு மணிக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். பறவை நடமாட்டம் என்று ஒரு கட்டம். இல்லை என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மணிக்கு உண்மையிலேயே இல்லை தம்பி. ஒரு குருவிகூட இல்லை. பக்கத்தில் புல் வெட்டு என்று இன்னொரு கட்டம். அதில் தர்மர் சார் தன் கையாலேயே முந்தின நாள் மாலை என்று எழுதினார். நான் எழுதவில்லை. அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். அவர் எழுதும்போது பக்கத்தில் நின்றேன்.

எட்டு மணிக்குள் முக்கால் வாசி வெட்டியாகிவிட்டது. கொக்கு நாற்பது இருக்கும், டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. எட்டே காலுக்கு முதல் பருந்து, புல்லை ஒட்டித் தாழத்தான் சுற்றியது. நான் எண்ணினேன். எண்ணுவது என் வேலை. மூன்று, ஐந்து, ஒன்பது, பதினாலு. அப்புறம் எண்ணவில்லை. கிழக்குக் கோடியில் எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி எஞ்சினை முறுக்கும். ஜெனோவா.

நான் டிராக்டரில் இருந்தேன். மேட்டுக்கு அறுபது காலடி. மேட்டுக்கு ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை, டிராக்டர் மேல் ஏறி நின்று தூக்கினால் அவளுக்குத் தெரியும். கொடி சீட்டுக்கு அடியில். எடுத்தேன். கையில் எடுத்துவிட்டேன் தம்பி. துணியைக்கூடப் பிரித்தேன்.

தர்மர் சார் பக்கத்தில்தான் நின்றார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "கொடியத் தூக்குனா டவர்ல எழுதுவாக. ஏன் தூக்குனன்னு கேப்பாக. காலையில வெட்டுனது வெளிய வந்துரும். வையி. ஒரு சுத்துதானே, போயிரும்."

அந்தப் பிள்ளை நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். தூக்கினால் போதும். அவர் அடிக்கிறவர் இல்லை, அன்றைக்குத் திட்டக்கூட இல்லை. ஆனாலும் என் கை கீழே போய்விட்டது. வைத்துவிட்டேன்.

மேட்டைத் தாண்டி வரும்போது சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருந்தது. ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். கொக்குகள் ஒன்றாக எழும்பின, வெள்ளைத் துணியை உதறின மாதிரி. அதற்கு மேலே பருந்து. முன்கண்ணாடியில் ஒன்று விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது, தேங்காயைக் கல்லில் போட்ட மாதிரி. அந்தப் பிள்ளை எப்படித்தான் இறக்கினாளோ. ரன்வேயை விட்டு விலகிப் புல்லில் ஓடி, முன்சக்கரம் முறிந்து, மூக்கு மண்ணில் குத்தி நின்றது. தீப்பிடிக்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். கதவைத் திறந்து தூக்கினோம். மணிக்கட்டு தொங்கிற்று. நெற்றியில் ரத்தம். என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். நானும் ஏதோ சொன்னேன். அந்தக் களேபரத்தில் என்ன சொன்னேன் என்று யாருக்கு ஞாபகம்?

இப்போது தர்மர் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் புல் வெட்டவில்லை, பறவைக் கூட்டம் இல்லை, எங்கிருந்தோ ஒற்றைப் பருந்து குறுக்கே வந்தது, அந்தப் பெண் பதறிப்போய்த் தப்பாகத் திருப்பினாள் என்று. ஜெனோவா சொல்லியிருப்பது ஒன்றே ஒன்றுதான். கொடி இல்லை, அதனால் போனேன். அவ்வளவுதான் எழுதியிருக்கிறாளாம். என் பெயரைக்கூட எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதியிருந்தால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது பேசுவேன்.

நேற்று சாயங்காலம் தர்மர் சார் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார், நாளைக்கு என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று. "முந்தின நாள் சாயங்காலம் வெட்டுனோம், பறவ இல்ல. ரெண்டே வரி. உனக்கு அதுக்கு மேல பேச வராதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதாவது, கொஞ்சம் சிரித்தேன்.

இந்தத் தீப்பெட்டியைப் பாருங்கள். திறக்காதீர்கள், நானே திறக்கிறேன். காற்றில் பறந்துவிடும். இவையெல்லாம் கால். வெட்டுக்கிளியின் பின்னங்கால், பறவை தின்னாமல் கழித்துப் போட்டது. அன்றைக்கு விமானத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஆள் யாரும் இல்லாதபோது, வெட்டின புல்லில் குனிந்து பொறுக்கினேன். எறும்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, நான் ஒரு பக்கம். எழுபத்திரண்டு. எதற்கு எடுத்தேன் என்று அன்றைக்குத் தெரியாது. சாயங்காலம் வெட்டினால் ஒன்றுகூடக் கிடைக்காது என்றேனே. எழுபத்திரண்டு கால் ஒரே இடத்தில் கிடந்தால் அது காலையில் வெட்டின புல். தர்மர் சாருக்கு இது தெரியாது. டவருக்குத் தெரியாது. விசாரிக்க வந்திருக்கிற பெரியவர்களுக்கும் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும். சொல்ல வாய் வர வேண்டுமே.

சொன்னால் என்னை நிறுத்திவிடுவார்கள், வேலை போகும். கொடியை ஏன் தூக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது? யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

ஏன் தம்பி வெளியே பார்க்கிறீர்கள்? தபால் ஆபீஸ் ஸ்டாப்பா?

தாண்டிவிட்டது. ஆமாம். எனக்குத் தெரியும். கண்டக்டர் சொன்னார், நின்றது, நாலு பேர் இறங்கினார்கள். சிவப்புப் பெட்டியைக்கூடப் பார்த்தேன். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் உங்களிடம் பேச ஆரம்பித்தேனோ என்னவோ. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை, இல்லையா. ஞாபகம் இருக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "கொடி எங்க அண்ணாச்சி?"

நான் சொன்னேன், "பறவ இல்லையே தாயி."

கண்ணாடியில் இறகு ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் இருபது பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

முன்னால் நான் பொய் சொன்னதில்லை என்றேன் அல்லவா. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாருங்கள், உங்கள் தோள்வரைக்கும் ஏறிவிட்டது. வெயில் நன்றாக ஏறிவிட்டது அதற்கு. இருங்கள், நான் எடுத்து வெளியே விடுகிறேன், பஸ்ஸுக்குள் நசுங்கிச் சாகும். மெதுவாக... அசையாதீர்கள்...

போய்விட்டது. ஜன்னல் வழியாகத்தான், பார்த்தேன், அந்த ஓரத்துப் புல்லில் விழுந்தது. கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன். பார்த்தீர்களா, ஒரு காலைக் கழற்றி என் விரலில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அப்படித்தான் செய்யும். திரும்ப முளைக்காது. இனி ஒற்றைக் காலால் கோணலாகத்தான் குதிக்கும், உரசினாலும் பாதிச் சத்தம்தான் வரும். ஆனால் போய்விடும். நிறையப் பார்த்திருக்கிறேன், ஒற்றைக் காலோடு முட்டை வைத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இதைப் பெட்டியில் போட மாட்டேன். இது அன்றைக்குக் கிடைத்தது இல்லை. கலந்துவிட்டால் கணக்குத் தப்பாகிவிடும், அப்புறம் எழுபத்திரண்டும் பொய் என்பார்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மணி என்ன? பத்து நாற்பது. இங்கே இறங்கித் திரும்பி நடந்தால் அரை மணி நேரம். பத்து நிமிஷம் பிந்தும். இருப்பார்கள், இல்லையா? பெரியவர்கள் பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கா ஆரம்பிப்பார்கள்.

தம்பி, ஓர் உதவி. வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். எனக்குச் சத்தம் எழும்பாது.

இல்லை, வேண்டாம். உட்காருங்கள். டிரைவருக்குத் தலைக்கு மேல் அந்தக் கண்ணாடி இருக்கிறதே, அதில் பின்னால் இருக்கிறவர்கள் தெரிவார்கள்தானே? நான் எழுந்து நின்று கையைத் தூக்குகிறேன். தெரிகிறதா பாருங்கள். இன்னும் கொஞ்சம் உயரத் தூக்குகிறேன்.